வேறுபாடுகளை மதிக்கப் பிள்ளைகளைப் பழக்குதல்: அறுபத்து மூவர் வரிசை காட்டும் வழி

பெரிய சிவாலயங்களின் திருச்சுற்றிலே அறுபத்து மூன்று நாயன்மார்களின் திருவுருவங்கள் ஒரே வரிசையில் எழுந்தருளியிருப்பதைக் காணலாம். சிறிய ஊர்க்கோயில்களில் சமயகுரவர் நால்வரின் உருவங்களே பெரும்பாலும் காணப்படினும், குருபூசைத் தினங்களிலும் புராண படனத்திலும் அறநெறிப் பாடசாலை வகுப்புகளிலும் அறுபத்து மூவரின் வரலாறுகள் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டு வருகின்றன. சுந்தரமூர்த்தி நாயனாரின் திருத்தொண்டத்தொகையை முதனூலாகக் கொண்டு 12 ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தைப் பாடினார். அதனை ஆறுமுக நாவலர் 1852 ஆம் ஆண்டில் வசனநடையில் வெளியிட்டமையால் இவ்வரலாறுகள் ஈழத்துச் சைவ வீடுகளின் திண்ணைகள் வரை வந்து சேர்ந்தன.

பிள்ளைகள் இக்கதைகளைத் தனித்தனியே கேட்டு, பரீட்சைக்கும் பேச்சுப் போட்டிக்கும் மனப்பாடம் செய்கின்றார்கள். ஆனால் அறுபத்து மூவரையும் ஒரே வரிசையாக நிறுத்திப் பார்க்கும்போது கிடைக்கும் பாடம் பல வேளைகளில் சொல்லப்படாமலே போய்விடுகின்றது. அந்த வரிசையிலே நிற்போர் ஒருவரைப்போல் மற்றவர் இல்லை. கண்ணப்பர் வேடர். அதிபத்தர் நாகப்பட்டினத்துக் கடலில் மீன்பிடித்தவர். திருநீலகண்டர் தில்லையிலே மட்பாண்டம் வனைந்தவர். திருக்குறிப்புத் தொண்டர் காஞ்சியிலே அடியாரின் துணியை வெளுத்துக் கொடுத்தவர். ஆனாயர் பசு மேய்த்துக் குழல் ஊதியவர். திருநாளைப்போவார் ஊரின் புறத்தே ஒதுக்கப்பட்டிருந்த குலத்திலே தோன்றியவர். சேரமான் பெருமாள் அரசர். காரைக்காலம்மையாரும் மங்கையர்க்கரசியாரும் இசைஞானியாரும் பெண்கள். தண்டியடிகள் பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவர்.

இவர்களை ஒன்றாக்கியது அன்பு ஒன்றே. வேடர் அந்தணரைப்போல் மாறிய பின்னரே ஏற்றுக்கொள்ளப்பட்டார் என்று பெரியபுராணம் கூறவில்லை. குயவர் தம் தொழிலிலேயே நின்று அடியாருக்குத் திருவோடு வனைந்து கொடுத்தார். பரதவர் தம் வலையிலே அகப்பட்ட மீனையே இறைவனுக்கென்று கடலில் விட்டார். ஒவ்வொருவரும் தத்தம் நிலையில் நின்றவாறே அந்த வரிசைக்குரியவர் ஆனார்கள். மனிதரின் வேறுபாடுகளை மதித்து வாழப் பிள்ளைகளைப் பழக்க விரும்பும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இதனைவிடச் சிறந்த தொடக்கம் வேறில்லை எனலாம். எனினும் கதை சொல்வதனால் மட்டும் இப்பழக்கம் வந்துவிடாது. கதையிலே கேட்டதைப் பிள்ளை கோயில் வீதியிலே காணவேண்டும். அங்கே காண்பது கதைக்கு மாறாக இருந்தால், பிள்ளை கண்டதையே நம்பும்.

பிள்ளையின் கேள்வியும் பெரியோரின் விடையும்

மூன்று, நான்கு வயதிலேயே பிள்ளைகள் மனிதருக்கிடையேயான வேறுபாடுகளைக் கவனிக்கத் தொடங்கிவிடுகின்றார்கள். நிறம், உடை, நடை, பேச்சு ஆகிய யாவும் அவர்களின் கண்ணிலும் காதிலும் படுகின்றன. கவனிப்பதில் குற்றம் ஏதும் இல்லை. கவனித்ததற்கு என்ன பொருள் கொள்வது என்பதைப் பிள்ளை பெரியோரின் முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்கின்றது.

திருவிழாக் காலத்தில் எந்தக் கோயில் வீதியிலும் நிகழக்கூடிய ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். 2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற போரிலே காலை இழந்த ஒருவர் ஊன்றுகோலுடன் சுவாமி தரிசனத்துக்கு வருகின்றார். சிறு பிள்ளை உரத்த குரலில், “அம்மா, அந்த மாமாவுக்கு ஏன் ஒரு கால் இல்லை?” என்று கேட்கின்றது. இக்கேள்விக்குப் பொதுவாக மூன்று விதமான விடைகள் கிடைப்பதுண்டு.

முதலாவது விடை, “சும்மா இரு, அங்காலை பாராதை” என்பது. தாய் மரியாதை கருதியே இவ்வாறு கூறுகின்றாள். ஆனால் அந்த மனிதரிடம் பார்க்கக்கூடாத ஏதோ ஒன்று இருக்கின்றது என்றே பிள்ளை விளங்கிக்கொள்கின்றது. இரண்டாவது விடை, “பாவம், போன பிறப்பிலை என்ன செய்தாரோ” என்பது. மூன்றாவது விடை, “ஓம் ராசா, அவர் சண்டைக் காலத்திலை காயப்பட்டவர். இப்ப ஊன்றுகோலோடை நடக்கிறார். வா, போய் வணக்கம் சொல்லுவம்” என்பது. இம்மூன்றாவது விடையிலே உண்மை இருக்கின்றது, வணக்கமும் இருக்கின்றது. பிள்ளையின் கேள்வி அத்துடன் தீர்ந்துவிடும். அடுத்த முறை அவரைக் காணும்போது பிள்ளைக்கு அவர் ‘கால் இல்லாத மாமா’ ஆக இருக்கமாட்டார். தனக்குத் தெரிந்த மாமாவாகவே இருப்பார்.

இரண்டாவது விடை தனியே சிந்திக்கத்தக்கது. தமிழிலே ‘பாவம்’ என்ற ஒரே சொல் இரக்கத்தையும் குறிக்கின்றது, தீவினையையும் குறிக்கின்றது. விசேட தேவையுடைய பிள்ளையைப் பெற்ற தாய் ஒருத்தி கோயிலுக்கு வரும்போது இச்சொல் இரு பொருளிலும் அவள் காதில் விழுகின்றது. இரக்கப்படுவோர் அவளைத் தாழ்ந்த இடத்தில் வைத்துப் பார்க்கின்றார்கள். வினைப்பயன் பேசுவோர் அவள்மீது குற்றம் சுமத்துகின்றார்கள். இதனாலேயே பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுத் தனியே கோயிலுக்கு வரும் தாய்மார் உண்டு. கோயிலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டோரும் உண்டு. வினைக்கொள்கையைச் சைவசமயம் கூறுவது, ஒவ்வொருவரும் தத்தம் செயலைத் திருத்திக்கொள்வதற்காகும். அயலவரின் பிள்ளையைக் காட்டித் தீர்ப்புச் சொல்லும் உரிமையை அது எவருக்கும் வழங்கவில்லை.

தண்டியடிகள் பிடித்த கயிறு

தண்டியடிகளின் வரலாறு இவ்விடத்திலே பெரிதும் பயன்படும். திருவாரூர்த் திருக்கோயிலின் குளம் தூர்ந்திருப்பதை உணர்ந்த அவர் அதனைத் தோண்டத் தொடங்கினார். கண் தெரியாதவர் எவ்வாறு மண் அள்ளிக் கரை சேர்ப்பது? குளத்தின் உள்ளே ஒரு தறியையும் கரையிலே ஒரு தறியையும் நட்டு, இரண்டையும் கயிற்றால் இணைத்துக் கட்டினார். அக்கயிற்றைத் தடவிக்கொண்டே குளத்துக்குள் இறங்கி, மண்ணைக் கூடையில் எடுத்துக் கரைக்கு வந்து கொட்டினார். அதனைக் கண்டு பரிகசித்தோரும் இருந்தார்கள்.

இறுதியில் இறைவன் அருளால் அவர் கண்பார்வை பெற்றார் என்பதையே பிள்ளைகள் முக்கியமாக நினைவில் வைத்திருக்கின்றார்கள். ஆனால் பார்வை கிடைக்கும் வரை அவர் காத்திருக்கவில்லை என்பதும் அதே அளவு முக்கியமானதாகும். பார்வை இல்லாத நாளிலேயே அவர் தொண்டர். அந்நாளிலேயே அவர் குளம் தோண்டினார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு கயிறு. பிள்ளைகளிடம், “எங்கள் வகுப்பிலே, எங்கள் கோயிலிலே யாருக்கு என்ன கயிறு வேண்டியிருக்கின்றது?” என்று ஆசிரியர் கேட்டால், அக்கேள்வியே ஒரு முழுப் பாடமாக அமையும்.

காது சரியாகக் கேளாத பிள்ளைக்கு முன்வரிசையில் ஓர் இடமே கயிறு. ஆசிரியரின் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ள அப்பிள்ளைக்கு அது உதவும். பார்வையற்ற பிள்ளைக்கு ஆறு புள்ளிகளால் அமைந்த பிரெயில் எழுத்துக் கயிறு ஆகும். சிறுவயதிலேயே பார்வை இழந்த லூயி பிரெயில் என்ற பிரெஞ்சுக்காரர் 1824 ஆம் ஆண்டளவில், தமது பதினைந்தாவது வயதில், அம்முறையை உருவாக்கினார். திக்கிப் பேசும் பிள்ளைக்கு அவசரப்படுத்தாமற் காத்திருக்கும் பொறுமையே கயிறு. திக்கிப் பேசுவோரிற் பலர் பாடும்போது திக்குவதில்லை என்பது பலரும் கண்டறிந்த உண்மை. ஆதலால் பேச்சுப் போட்டியில் மேடையேறத் தயங்கும் பிள்ளை, பண்ணிசையிலே தேவாரத்தைத் தடையின்றிப் பாடக்கூடும். அவ்வாய்ப்பை வழங்குவது ஆசிரியரின் கையிலேயே உள்ளது.

ஒருவர் குறையை மற்றவர் நிறைவு செய்வதற்குத் தமிழ் இலக்கிய மரபு காட்டும் சான்று இரட்டைப் புலவர்கள் ஆவர். ஒருவருக்குக் கண்பார்வை இல்லை; மற்றவருக்குக் கால் வழங்காது. பார்வையற்றவர் மற்றவரைத் தோளிலே சுமக்க, சுமக்கப்பட்டவர் வழி காட்ட, இருவருமாகத் தலங்கள் தோறும் சென்றனர் என்றும், ஒருவர் பாதிப் பாடலைத் தொடங்க மற்றவர் முடித்துவைத்தார் என்றும் மரபுவழிச் செய்திகள் கூறுகின்றன. அவ்விருவரில் உதவியவர் யார், உதவி பெற்றவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இதனைப் பிள்ளைகளிடமே கேள்வியாக விட்டுவிடலாம்.

பட்டந் தெளித்தல்

ஊர்ப் பிள்ளைகளிடையே பட்டந் தெளிக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. உயரம், நிறம், பல், நடை, தகப்பனின் தொழில் என எதனையும் வைத்து ஒரு பட்டம் சூட்டப்படுகின்றது. பெரியோரும் அதனைக் கேட்டுச் சிரித்துவிட்டு, “பகிடிக்குத்தானே” என்று விட்டுவிடுகின்றார்கள். இருவரும் சேர்ந்து சிரித்தாலே அது பகிடி. ஒருவர் சிரிக்க மற்றவர் தலை குனிந்தால் அது வேறு. இவ்வளவு எளிய அளவுகோலை ஆறு வயதுப் பிள்ளையாலும் விளங்கிக்கொள்ள முடியும். பட்டந் தெளித்த பிள்ளையை அடிப்பதனாலோ பலர் முன்னிலையில் ஏசுவதனாலோ பயன் இல்லை. தனியே அழைத்து, “அவன்ரை முகத்தைப் பார்த்தனியோ?” என்று கேட்பது கூடிய பலன் தரும். பட்டம் பெற்ற பிள்ளையையும் அவனது சொந்தப் பெயரால் பலர் கேட்க அழைத்தல் வேண்டும். ஆசிரியர் ஒருவர் அப்பெயரை வாய் நிறையச் சொன்னால், பட்டம் மெல்ல மெல்ல மறைந்துவிடும்.

பந்தியிலே கற்கும் பாடம்

திருநீலநக்க நாயனாரின் வரலாற்றிலே ஒரு நிகழ்ச்சி உண்டு. திருஞானசம்பந்தர் சாத்தமங்கையிலுள்ள நீலநக்கரின் இல்லத்துக்கு எழுந்தருளியபோது, அவருடன் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் மனைவியார் மதங்கசூளாமணியாரும் வந்திருந்தனர். அன்றிரவு அவர்கள் தங்குவதற்கு ஓர் இடம் கொடுக்கும்படி சம்பந்தர் கேட்டார். பாணர் குலத்தவருக்கு அந்தணர் மனையின் உள்ளே இடமில்லாத காலம் அது. நீலநக்கரோ வீட்டின் நடுவே, வேள்வித்தீ வளர்க்கும் வேதிகையின் அருகிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். அத்தீ வலஞ்சுழித்து மேலெழுந்தது எனச் சேக்கிழார் கூறுகின்றார். தீ நல்ல குறியையே காட்டிற்று.

இவ்வரலாறு சொல்லப்பட்டு வந்த அதே நாட்டிலே, சாதியின் பெயரால் அடியார்கள் கோயில் வாசலிலே தடுத்து நிறுத்தப்பட்டமையும் வரலாறே. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் அதனைக் குற்றமாக்கியது. சட்டம் வந்து பதினொரு ஆண்டுகளின் பின்னரும், 1968 ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசம் கோரிச் சத்தியாக்கிரகம் செய்யவேண்டியிருந்தது. அதன் பின்னர் பல கோயில்களின் கதவுகள் திறந்தன. இதனைப் பிள்ளைகளுக்கு மறைக்க வேண்டியதில்லை. முன்னோர் செய்த நன்மையையும் தவறையும் சேர்த்து அறியும் பிள்ளையே நல்லதைத் தொடரவும் அல்லதை விடவும் கற்றுக்கொள்ளும்.

இன்று வாசல் திறந்திருப்பினும் வேறு சிறிய வாசல்கள் மூடியிருக்கக்கூடும். பிள்ளை ஒரு நண்பனின் பெயரைச் சொன்னதும், “அவை எந்தப் பகுதி ஆக்கள்?” என்று வீட்டிலே எழும் கேள்வி அத்தகைய ஒன்று. விடை சொல்லத் தெரியாத பிள்ளையும், அக்கேள்வியின் பின்னால் ஏதோ இருக்கின்றது என்பதைக் கண்டுகொள்கின்றது. அன்னதானப் பந்தியிலே யார் பக்கத்தில் யார் அமர்கின்றார், யார் சமைக்கின்றார், யார் பரிமாறுகின்றார், யார் இலை எடுக்கின்றார் என்பவற்றைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கின்றார்கள். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் முறைவைத்துத் தண்ணீர் வார்க்கவும் இலை எடுக்கவும் செய்தால், அந்தப் பந்தி பத்துச் சொற்பொழிவுகளுக்குச் சமனாகும்.

பிற சமயத்தவரை மதித்தல்

பிற சமயத்தாரை மதிக்கப் பழக்கினால் பிள்ளை தன் சமயத்தில் உறுதி குன்றிவிடுமோ எனச் சில பெற்றோர் அஞ்சுவதுண்டு. அவ்வச்சத்துக்கு இடமில்லை. தன் சமயத்தை நன்கு அறிந்த பிள்ளையே பிறர் சமயத்தை அமைதியுடன் பார்க்கும். கந்தசஷ்டி விரதம் இருந்து பசியை உணர்ந்த பிள்ளைக்கு, ரமழான் மாதத்தில் நோன்பிருக்கும் முஸ்லிம் நண்பனின் பசி எளிதில் விளங்கும். கார்த்திகை விளக்கீட்டுக்குத் தீபம் ஏற்றும் பிள்ளைக்கு, வெசாக் கூட்டின் ஒளியும் மாதா கோயில் மெழுகுதிரியின் ஒளியும் அந்நியமாகத் தோன்றா. அறுபத்து மூவரில் ஒருவராகிய சாக்கிய நாயனார் பௌத்த வேடத்தைக் களையாமலே சிவனை வழிபட்டவர். பூவுக்குப் பதிலாக அவர் எறிந்த கல்லையும் இறைவன் அன்பென்றே ஏற்றான். உடையையும் முறையையும் கண்டு உள்ளத்தை அளக்கக்கூடாது என்பதை இதிலிருந்து பிள்ளைகளுக்கு விளக்கலாம்.

கதிர்காமமும் இதற்கு நல்ல சான்றாகும். சைவர் கந்தன் என்றும் பௌத்தர் கதரகம தெய்யோ என்றும் வழிபடும் அத்தலத்திலே முஸ்லிம்களின் பள்ளிவாசலும் உள்ளது. கிரிவிகாரையும் அருகே உள்ளது. வள்ளியம்மையைத் தம் குலமகளாகக் கருதும் வேடுவரும் அங்கு உரிமையுடையோராவர். மாணிக்க கங்கையில் நீராடும் எவரும் தம் நம்பிக்கையைக் கரையில் விட்டுவிட்டு இறங்குவதில்லை.

இதனோடு ஒரு வரையறையையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தல் அவசியம். வேறுபாட்டை மதிப்பது வேறு, தீமையைப் பொறுத்துக்கொள்வது வேறு. ஒருவரின் மொழி, நிறம், உடல், சமயம், பிறப்பு ஆகியன மதிக்கத்தக்க வேறுபாடுகள். பிறரை அடிப்பதும் ஏமாற்றுவதும் இழிவுபடுத்துவதும் வேறுபாடுகள் ஆகா, அவை குற்றங்கள். தன்னையோ தன் தோழரையோ ஒருவர் துன்புறுத்தினால், அமைதியாக இருந்துவிடாமல் நம்பிக்கையான பெரியவரிடம் சொல்லவேண்டும் என்பதும் இப்பாடத்தின் ஒரு பகுதியே.

ஆலயம் செய்யக்கூடியவை

சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம் 1989 ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்டது. இலங்கை 1991 ஆம் ஆண்டில் அதனை ஏற்றுக்கொண்டது. சமாதானம், சகிப்புத்தன்மை, எல்லா மக்களிடத்தும் நட்பு ஆகியவற்றுடன் வாழப் பிள்ளையை ஆயத்தம் செய்வது கல்வியின் நோக்கங்களில் ஒன்று என அச்சமவாயத்தின் 29 ஆம் உறுப்புரை கூறுகின்றது. பொதுமக்கள் பயன்படுத்தும் இடங்களுக்குச் செல்வதில் வலது குறைந்தோருக்குத் தடை இருக்கக்கூடாது என்று 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. இவற்றைச் செயலில் காட்ட ஓர் ஊர்க்கோயிலுக்குப் பெருஞ்செலவு ஏதும் ஏற்படாது.

வாசற்படியருகே ஒரு சாய்தளம் அமைக்கலாம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற அளவில் அமைத்தால், சக்கர நாற்காலியைத் தள்ளுவது இலகுவாக இருக்கும். வீதியிலே ஓடிய சக்கரம் உள்ளே வரலாமா என்ற தயக்கம் இருப்பின், உள்வீதிக்கென்றே ஒரு சக்கர நாற்காலியைச் சுத்தமாக வைத்திருக்கலாம். தவிலோசையையும் மணியோசையையும் சனநெரிசலையும் தாங்கமாட்டாத பிள்ளைகள் உண்டு. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிற் பலர் இத்தகையோர். அவர்கள் சத்தத்துக்குக் காதைப் பொத்தி அழும்போது, “வளர்ப்புச் சரியில்லை” என்று முணுமுணுக்காமல், கூட்டம் குறைந்த பூசை வேளையைத் தாய்க்குச் சொல்லி உதவலாம். நவராத்திரி கலை நிகழ்ச்சியிலே ஆண்டுதோறும் அதே மூன்று நான்கு பிள்ளைகளையே மேடையேற்றாமல், ஒவ்வொரு பிள்ளைக்கும் இயன்ற ஒரு பங்கினை ஒதுக்கலாம். மாலை கட்டுவதும் கோலம் போடுவதும் சங்கு ஊதுவதும் பங்குகளே.

இவையெல்லாம் நடைபெறும் கோயிலிலே வளரும் பிள்ளைக்கு, வேறுபாடுகளை மதிக்க வேண்டும் என்று தனியாகப் போதிக்க வேண்டிய தேவை குறைவு. ஊன்றுகோலுடன் வருபவரும், திக்கித் திக்கிப் பேசுபவரும், வேறு தெருவிலிருந்து வருபவரும், வேறு சமயத்திலிருந்து திருவிழாப் பார்க்க வருபவரும் அப்பிள்ளையின் கண்ணுக்கு இயல்பானோராகவே தோன்றுவர். அத்தகைய பிள்ளை நாளை ஆசிரியராகவோ வைத்தியராகவோ கோயிற் பரிபாலன சபையின் தலைவராகவோ வரும்போது, எவரையும் வாசலில் நிறுத்திவைக்காது.

அறுபத்து மூவரையும் ஒரே வரிசையில் ஏற்றருளிய இறைவன், அந்த வரிசையின் பொருளைப் பிள்ளைகளின் உள்ளத்திலும் பெரியோரின் செயலிலும் விளங்கச் செய்து அருள் புரிவானாக.